முனியன் பெயரில் நின்ற பன்னிரண்டு நாள்

ராசா, சேதி கேட்டாயா, வருகிற திங்கட்கிழமை ஈப்போ பெரிய கோர்ட்டில் உன் அம்மா கூண்டேறிப் பேசப் போகிறாள், யாரும் எழுதிக் கொடுக்காததை என் வாயாலேயே பேசப் போகிறேன், புந்தோங் பேட்டை முழுக்கச் சொல்லிவிடு!

நான் சாட்சிக்கு வருவது உனக்குத் தெரிந்ததுதான். வக்கீல் ஆபீசில் என் பெயரைப் பட்டியலில் எழுதியவனே நீதான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. போன மாதம் நீ கொண்டுவந்து கொடுத்த தாளை இந்நேரம் மனப்பாடம் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். செய்யவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். உன் கையில் மட்டும் கொடுத்தால் நீ படித்துவிட்டு அழுவாய், அப்புறம் உன் வக்கீலிடம் கொண்டுபோய் நீட்டுவாய், அவர் அதை ஒரு கட்டுக்குள் வைத்துச் சிவப்பு நாடாவால் கட்டிவிடுவார். எனக்கு அந்த நாடாமேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் பாசார் சந்தைப் பக்கம் அச்சுக்கூடம் வைத்திருக்கும் பத்திரிகைக்காரரிடம் கொடுத்து, எல்லாரும் படிக்கும்படி போடச் சொல்கிறேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசற மாதிரியே எழுதியிருக்கீங்க. பிழைய மட்டும் திருத்தி அச்சுக்குத் தகுந்தாப்பல ஆக்கிடறேன், வேற ஒண்ணும் தொடமாட்டேன்லா" என்றார். திருத்தியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். "என்னையுமா சந்தேகப்படுறீங்க?" என்று சிரித்தார். "ஆமாண்ணே" என்றேன்.

உன் அப்பா போன பிறகுதான் நான் எழுத்துக் கற்றேன். ஏன் கற்றேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். நீ மிஷன் பள்ளி விடுதிக்குப் போனபோது விட்டுச்சென்ற ஒன்றாம் பாடப் புத்தகமும் மூலை உடைந்த சிலேட்டும்தான் எனக்கு வாத்தியார்கள். ‘ங’ என்று ஓர் எழுத்து வந்ததே, அதை எந்தச் சொல்லுக்கு முன்னால் போடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் முழித்தேன். எழுத்து பிடிபட்ட பிறகு படிக்கக் காகிதம் வேண்டுமே, தோட்டத்தில் காகிதம் ஏது? சீனர் கடையில் கருவாடு மடித்துக் கொடுக்கும் பழைய பத்திரிகைதான். அதிலும் பாதி நாள் சீனப் பத்திரிகையாக வந்துவிடும். திரும்பிப் போய், தமிழ்க் காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொல்லுவேன். கடை முதலாளி தவுக்கே, "அம்மா, நீ கருவாடு வாங்க வந்தியா, காகிதம் வாங்க வந்தியா?" என்று கத்துவார். "ரெண்டும்" என்பேன். இப்படித்தான் ராசா, தடுக்கி விழாமல் நான் முதன்முதலில் படித்து முடித்த சேதி உன் வக்கீலைப் பற்றியதாக அமைந்தது.

அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கருவாட்டு எண்ணெய் ஊறிய அந்தத் துண்டில், ஊரார் அவருக்குக் குடை வக்கீல் என்று பெயர் வைத்திருப்பதாகப் போட்டிருந்தது. தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் துரை போலீசைக் கூப்பிடலாம். அதனால் அவர் வாசலுக்கு வெளியே சர்க்கார் ரோட்டில் குடையை விரித்துக்கொண்டு நின்றாராம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றாராம், அடிபட்டவர் யாராவது வந்து பேச மாட்டார்களா என்று. மூன்றாம் நாள்தான் ஒருத்தர் போனாராம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! அந்தத் துண்டைச் சோற்றுக் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகு அவர் பெயர் வந்த துண்டு ஒன்றையும் விடவில்லை. ஒருமுறை படமே வந்தது. கரப்பான் பூச்சி அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது, அதற்காக நான் அழுதேன் என்றால் சிரிக்காதே.

அப்புறம் அவர் நம் தோட்டத்து வாசலுக்கே வந்தார். லாலான் புல்லைக் கொல்ல மருந்து அடிக்கப் போய்ச் செத்தவர்களுக்கும், கை கால் மரத்துப்போனவர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கும் நஷ்ட ஈடு வாங்கித் தருவேன் என்றார். ஒன்பது குடும்பம் அவரிடம் போயிற்று. மருந்தடித்த புல்லைத் தின்று செத்த பஞ்சாபிக்காரரின் பசுவுக்குக் கம்பெனி ஈடு கொடுத்த காகிதம் எப்படியோ அவர் கைக்குக் கிடைத்தது. "மாட்டுக்கு ஒத்துக்கிட்டவங்க மனுசனுக்கு ஏன் ஒத்துக்கல?" என்று அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. அதை நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் உரக்கப் படித்தேன். அந்த வருஷமே நீ அவரிடம் எழுத்தராகச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் போட்டாய். வீடு வீடாக ஓடிச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "எந்த வக்கீலு? கேஸு போட்டு ஜெயிச்சு, சனத்தக் கப்பலேத்தி விடறாரே, அவரா?" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பொறாமை இல்லை. சில நாள் கழித்து அஞ்சலை என்று ஒருத்தி செல்லம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் இருந்த தோட்டத்தில் தண்டவாளப் பாலம் சரிந்து அவள் புருஷனுக்குக் கால் போய்விட்டது. உன் வக்கீல்தான் வழக்காடினார், ஜெயித்தார், அந்த ஜெயிப்பு என் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அஞ்சலை என் வீட்டுக்குள் வந்து அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "கேஸு ஜெயிச்சோம்க்கா. மறு மாசமே எங்க பேர வெட்டிட்டாங்க. ஏழு குடும்பமும் நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏறுது. அவரு இப்ப வேற தோட்டத்து வாசல்ல நிக்கிறாரு" என்றாள். அவள் போன பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காதில்லாத அந்த முகம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆள், ஊரில் எத்தனையோ படித்த பையன்கள் இருக்க, தோட்டத்துப் பையன் உன்னை ஏன் எழுத்தராக எடுத்தார்? உன் கையெழுத்து அழகென்றா, நீ என் மகனென்றா? அந்தக் கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை.

நான் ஏன் அவருக்கு அவ்வளவு வேண்டும் என்பது உனக்குத் தெரியும், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செத்த மற்றவர்கள் வயசாளிகள், இல்லை ஏற்கெனவே காய்ச்சல்காரர்கள். அவர்கள் காய்ச்சலில் போனார்கள் என்று கம்பெனி சொல்லிவிடும். உன் அப்பா ஒருவர்தான் கல்லுமாதிரி இருந்து இரண்டே வாரத்தில் போனவர். அவர் சாவு மருந்தால்தான் என்று நிரூபித்தால் மற்ற எட்டுக் குடும்பமும் பின்னால் வந்துவிடும். நிரூபிக்காவிட்டால் எல்லாம் விழும். அதில்தான் முட்டுக்கட்டை. தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதியும் தோட்டத்துச் செக்குரோல் புத்தகத்தில் மருந்தடித்த கூட்டத்தில் உன் அப்பா பெயரே இல்லை. என் தம்பி, உன் மாமன் முனியன் பெயர் இருக்கிறது. உன் மாமன் இதோ உயிரோடு, தடியாக, ஆள்களை மேய்க்கிற மண்டோர் வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறான். கம்பெனியின் வெள்ளைக்கார வக்கீல் கேட்கிறாராம்: மருந்தடித்தவன் நன்றாக இருக்கிறான், செத்தவன் மருந்தைத் தொடவே இல்லை, அப்புறம் என்ன விஷம்? போதாததற்கு, அவர் கள்ளுக் குடித்துச் செத்தார் என்று நான் விரல் வைத்த காகிதம் வேறு அவர்களிடம் இருக்கிறது.

இதற்குத்தான் நீ ஒரு வழி கண்டுபிடித்துத் தாளில் எழுதிவந்தாய். "அம்மா, இத அப்படியே சொல்லும்மா. கங்காணி அப்பாவ அடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, புத்தகத்துல எழுதாமலே மருந்தடிக்க விட்டான். கங்காணிதான் ஊருக்குப் போய்ட்டானே, யாரு வந்து இல்லன்னு சொல்லப் போறா? மாமாவுக்கும் ஒண்ணும் ஆகாது, உனக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாய். உன் முகம் அன்றைக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தது! அப்பா குடித்துச் சாகவில்லை என்று உனக்குத் தெரிந்ததே அந்த ஆபீசுக் காகிதங்களைப் படித்த பிறகுதான். எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும் என்று நீ சந்தேகப்படவே இல்லை. என்னைப் பார்த்து ஒருமுறையாவது, "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

நீ தைப்பிங்குக்குக் காகிதம் கொண்டுபோன நாளாகப் பார்த்து நான் ஈப்போவுக்கு ரயிலேறினேன். துணிக்கடைக்கு மேல் இருக்கும் வக்கீல் ஆபீசுக்கு மாடிப்படி ஏறினேன். பயமும் உண்டு, சுவரில் ஒட்டி வைத்த ஆளை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற ஆசையும் உண்டு. அவர் எழுந்து நின்றார். இரண்டு காதும் இருந்தன.

"வாங்கம்மா. உங்க பையன் இன்னைக்கி இல்லையே" என்றார்.

"தெரியும். அதான் வந்தேன்."

"உக்காருங்க."

"கேட்டுட்டு உக்காரேன். இத யாரு எழுதுனது?" என்று தாளை மேசைமேல் வைத்தேன்.

"கையெழுத்து உங்க மகனோடது."

"அது தெரியுது, எனக்கும் படிக்க வரும். யாரு சொல்லி எழுதுனான்?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் சொல்லல. அவனா எழுதிக்கிட்டு வந்து காட்டுனான். நான் படிச்சேன். வேணாம்னு சொல்லல."

"உண்மையான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா தெரிஞ்சிடும்மா. தெரிஞ்சிட்டா இத நான் கோர்ட்டுல வைக்க முடியாது."

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது ராசா. "அப்ப நீங்களும் வெரலப் புடிச்சு அழுத்துற ஆளுதான்" என்றேன். அந்தக் காகிதத்தை அவரும் பார்த்திருக்கிறாரே, முகம் கறுத்துப்போயிற்று. விடவில்லை, அஞ்சலையைப் பற்றிக் கேட்டேன். அந்த ஏழு குடும்பத்தைக் கப்பலேற்றுவதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்றார். "அது தெரிஞ்சேதான் கேஸு போட்டீங்களா?" என்றேன். "பாதி தெரியும்" என்றார். "எங்கள என்ன பண்ணுவாங்க?" என்றேன். "தெரியலம்மா" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே அவர் பழைய புத்தியைக் காட்டினார். "திங்கக்கிழமை நல்ல சீல வேணாம்மா. கிழிஞ்சதா ஏதாச்சும் கட்டிக்கிட்டு வாங்க, போட்டோ புடிக்க ஆள் வருது." என்னிடம் கிழிந்த சேலை கிடையாது, கிழிந்தால் அன்றைக்கே தைத்துவிடுவேன் என்று சொன்னேன். படியிறங்கப் போகும்போது, "நெசமா என்னம்மா நடந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "அத மொதல்ல கேக்க வேண்டியவன் என் மகன். அப்புறம் ஊரு. அப்புறந்தான் நீங்க" என்றேன். "எனக்குத் திங்கக்கிழமைக்கு முன்னாடி தெரியணுமே." "பேப்பர்ல வரும், வாங்கிப் படிச்சுக்குங்க." அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

சரி, இப்போது கேள். உன் அப்பா செத்த வருஷம் ரப்பர் விலை விழுந்து பால்வெட்டைக் குறைத்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை, பிறகு அந்தப் பாதியும் நின்றுபோய் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். உன் மாமனுக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை. முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், இடுப்பளவு லாலானுக்குள் நடக்க வேண்டும். அவனுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. ஏற்கெனவே காய்ச்சலில் ரொம்ப நாள் படுத்தவன், இன்னொரு தரம் படுத்தால் பெயரை வெட்டிவிடுவோம் என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சொல்லியிருந்தார். அவனை ஊரிலிருந்து வரவழைத்தவள் நான். அதனால் உன் அப்பாவிடம் போய், "சும்மாதானே இருக்கீங்க, அவன் பேருல போயி நில்லுங்க" என்று சொன்னவளும் நான். நானேதான் சொன்னேன். கங்காணி அடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பெயர் மாற்றி நிற்பது என்ன பெரிய குற்றமா? தோட்டத்தில் பிறந்தவன் நீ, உனக்கே தெரியும். பெரட்டில் கங்காணி பெயரைக் கூப்பிடுவார், யாராவது ஒருவர் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும், தலைக்கணக்கு நிறைய வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்கு அவள் நாத்தனார் நிற்பாள். அடிபட்டவனுக்கு அவன் மச்சான் நிற்பான். கங்காணிக்கும் தெரியும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். முதல் நாள் உன் அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே, "புள்ள, இன்னைக்கி நான் முனியன். உனக்குத் தம்பி மொற ஆவுது, தள்ளியே நில்லு" என்றார். நான் விறகுக் கட்டையை எடுத்து ஓங்கினேன். சிரித்துக்கொண்டே ஓடினார். அப்படிச் சிரித்துக்கொண்டே போன மனுஷனை, இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நான் எப்படிச் சொல்லுவேன்?

பன்னிரண்டு நாள் முனியனாக நின்றார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தார். கை கால் எரிகிறது என்றார், வயிறு கழிந்து தண்ணீராகப் போயிற்று. இந்த இடத்தில்தான் ராசா, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது இருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு நாள் போகவில்லை. எந்தப் பெயரில் கொண்டுபோவது என்று எங்களுக்குத் தெரியவில்லை! முனியன் என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸருக்கு முனியன் முகம் நன்றாகத் தெரியும். அவர் சொந்தப் பெயரைச் சொன்னால், பால்வெட்டுக்காரன் உடம்பில் மருந்து எப்படி வந்தது என்று கேட்பார்கள், இரண்டு பேர் பெயரும் போகும். நானும் உன் மாமனும் கங்காணியும் வாசலில் நின்று இதையே பேசிக்கொண்டிருந்தோம். "ரெண்டு நாள் பாரும்மா, தானா நின்னுடும்" என்றார் கங்காணி. உள்ளே பாயில் கிடந்தபடி உன் அப்பா, "எந்தப் பேருலயாச்சும் கூட்டிட்டுப் போ புள்ள, வயித்துக்குப் பேரு தெரியாது" என்றார். அப்போதும் அவருக்கு வேடிக்கைப் பேச்சுதான். நாங்கள் பேசி முடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாட்டு வண்டியில் ஏற்றினோம். ரப்பர் ஆலைப் புகைக்கூண்டுத் திருப்பம் தாண்டும்போது அவர் கை என் மடியிலிருந்து நழுவிவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டிரஸ்ஸர் பென்சிலை எடுத்துக்கொண்டு, "பேரு என்னா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிய புருஷன் பெயரை எந்தப் பெண்சாதி வாயால் சொல்வாள்? அது ஒன்று. எந்தப் பெயர் என்பது இன்னொன்று. கங்காணிதான் பெயரைச் சொல்லி, "கள்ளு ஜாஸ்தி ஐயா" என்று சேர்த்துக்கொண்டார். மறுநாள் கிராணி ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். கள்ளு என்று விரல் வைத்தால் ஒன்றுமில்லை, மருந்து என்று பேச்செடுத்தால் பொய்ப் பெயரில் நின்றதற்கு உன் தம்பி ஜெயிலுக்குப் போவான், துரை கடிதம் கொடுத்துத்தான் உன் மகன் மிஷன் பள்ளியில் இருக்கிறான், அதையும் நினைத்துக்கொள் என்றார். மை தடவி என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. எழுத்துக் கற்றுக்கொண்டது அதனால்தான்.

நீ விடுதியிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உனக்குப் பதினாலு வயது. யாரோ வழியிலேயே சொல்லிவிட்டார்கள். நீ என்னிடம்கூட வராமல் நேரே அடுப்படிக்குப் போய், அவர் எப்போதாவது கள்ளுக் குடிக்கிற தகரக் குவளையை எடுத்து, வாசற்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினாய். "குடிகாரன்" என்றாய். கற்பூரம் காட்டச் சொன்னதற்கு மாட்டேன் என்றாய். அவர் குடிக்கவே மாட்டார் என்று நான் சொல்லமாட்டேன், சம்பள நாளில் குடிப்பார், குடித்தால் பாடுவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து வருஷம் நீ அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போவாய், நான் போகவிட்டேன். நசுங்கிய குவளை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நீ கேட்டால் தருவேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் உன் மாமனிடம் போனேன். ரப்பர் மரம் நிற்கிற பால்காட்டு ஓரத்தில் நின்றிருந்தான்.

"அக்கா, அந்தத் தாள்ல இருக்கறதையே சொல்லிடேன். கங்காணி இனிமே வரவா போறான்?"

"உன் மச்சான் சிரிச்சுக்கிட்டே போனாரு, நீ பாத்ததானடா."

"என்ன வேலையவிட்டுத் தூக்கிடுவாங்கக்கா. மூணு புள்ளைங்க எனக்கு."

"தூக்குவாங்க. என்னையுந்தான். மூட்டையக் கட்டி வச்சிட்டேன்."

மரத்தில் பால் வழிகிற கோப்பையைச் சரிபண்ணி வைத்தான். "கேட்டா, அந்தப் பன்னெண்டு நாளும் நான் காச்சல்ல கெடந்தேன்னு சொல்றேன். அதுக்கு மேல என்னக் கேக்காத. உன் மூஞ்சியும் இனி எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். நீ அவன்மேல் கோபப்படாதே. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தவன் அவன். தன் பெயரில் இன்னொருவன் செத்ததை ஐந்து வருஷம் சுமந்துகொண்டு அதே பெயருக்குத் தினமும் பெரட்டில் பதில் சொல்லியிருக்கிறான்.

நீ பெரியவனாகிவிட்டாய், அதனால் ஒன்று சொல்கிறேன், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உன் வக்கீலை நீ கும்பிடுகிறாய், நானும் கும்பிட்டேன், கஞ்சி தடவி ஒட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் நமக்காகக் குடை பிடித்து நிற்கும்போது, அந்தக் குடைக்கு வெளியே நனைகிறவர் யார் என்றும் எட்டிப் பார். போன வாரம் கிராணி வீட்டிலிருந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. அதை ஆட்டுக்குப் போட்டேன். வக்கீல் ஆபீசிலிருந்து போன வாரம் ஒரு கம்பளி வந்தது. அதையும் நான் இன்னும் பிரிக்கவில்லை. நல்லவர் கொடுப்பதையும் திருப்பித் திருப்பிப் பார். என்னையும் சந்தேகப்படு, ஐந்து வருஷம் உன்னிடம் பொய்யாக இருந்தவள் நான். உன்னையும் சந்தேகப்படு ராசா. அந்தத் தாளை நீ அன்பால்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். உன் அப்பாவை நான் முனியன் பெயரில் அனுப்பியதும் அன்பால்தான். இன்னொருத்தர் எழுதியதற்கு நான் ஒருமுறை விரல் கொடுத்துவிட்டேன். இரண்டாவது முறை அது என் மகன் எழுதியது என்றாலும் கொடுக்கமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு உன் வக்கீல், சாட்சியே பொய்ப் பெயருக்கு ஆள் அனுப்பியவள் என்று கேஸைக் கைவிட்டால், அவர் யாரென்று நமக்கும் எட்டுக் குடும்பத்துக்கும் தெரிந்துவிடும். கைவிடாமல் திங்கட்கிழமை வந்து நின்றால், அந்தக் காதை நான் கரியால் வரைந்து சேர்த்துவிடுகிறேன். அதுவரைக்கும் அவர்மேல் எனக்குச் சந்தேகம்தான். நான் கூண்டேறுவது அவருக்காக இல்லை.

கூண்டில் முதலில் கேட்பார்களாம், உன் புருஷன் பெயர் என்ன என்று. அதற்காக மூன்று நாளாகப் பால்காட்டில் ஒவ்வொரு மரத்திடமும் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல்லம்மா பார்த்துவிட்டு, "மரத்துக்கிட்ட என்னாடி முணுமுணுக்கிற, பேயி புடிச்சிருச்சா?" என்றாள். எழுத முடிகிறதா என்று இப்போது பார்க்கிறேன். பச்சமுத்து. உன் அப்பா பெயர் பச்சமுத்து. எழுதிவிட்டேன் ராசா! பெயரைக் கேட்டபோது நான் மூடிய வாய், இனி திறக்கும்.

ஒன்று பாக்கி இருக்கிறது, அது உனக்கு மட்டும் இல்லை, இதைப் படிக்கிறவர்களுக்கும் படிக்கக் கேட்கிறவர்களுக்கும். நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அந்த வெள்ளைக்கார வக்கீல் கேட்பார்: புத்தகத்தில் ஒரு பெயர், காட்டில் இன்னோர் ஆள், உலகத்தில் எவன் அப்படி நிற்பான், இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்று. கங்காணி இல்லை. உன் மாமன் பாதிதான் பேசுவான். அதனால் இதைக் கிழித்துக் கருவாடு மடிக்காதீர்கள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற ஆயாக்கொட்டகையில், குழாயடியில், புந்தோங் கடைவாசலில், ரயிலில் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாத வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அக்காவுக்காக, மச்சானுக்காக, காய்ச்சல்காரத் தம்பிக்காக, பிள்ளை பெற்ற மகளுக்காக என்றைக்காவது பெரட்டில் இன்னொருத்தர் பெயருக்கு "இருக்கேங்க" என்று சொன்னவர்கள் யாராக இருந்தாலும், திங்கட்கிழமை காலையில் ஈப்போ கோர்ட்டு வாசலுக்கு வாருங்கள். யார் பெயரில் நின்றீர்கள் என்பதை மறக்காமல் வாருங்கள், கேட்டால் உரக்கச் சொல்ல வேண்டும். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் பதில் சொல்லமாட்டேன், திரும்பி ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். அப்போது அங்கே ஆள் இருக்க வேண்டும்.